மேட்டுச் சரிவுப் புல்

ரொறன்ரோ
20.01.1996

அன்புள்ள மச்சான் யோகலிங்கத்துக்கு,

சென்ற கடிதத்தில் கையெழுத்துக்கும் கீழே, ஓரமாக ஒரு கேள்வி எழுதியிருந்தீர்கள்: “முப்பத்தாறு வருசம் விஞ்ஞானம் படிப்பிச்ச இராசதுரை மாஸ்டர், கனடாவில புல்லு வெட்டுற மெஷினில ஏறியிருந்து சவாரி போறாராம், மெய்யோ?” ஊரில் யார் சொல்லிச் சிரித்தார்கள் என்று எழுதவில்லை. தம்பையா சம்மாட்டியாகத்தான் இருக்கும். கரைவலை போட விடாமல் கடலைப் பூட்டிவிட்டதால் அவருக்கு இப்போது வாய்க்குத்தானே வேலை.

மெய்தான், மச்சான். மகள் வீட்டில் சும்மா இருந்து கூரையைப் பார்க்க எனக்கு ஏலாது. பக்கத்தில் ஒரு கோல்ஃப் மைதானம். அங்கே கோடையில் புல்லு வெட்டுகிறேன், பனியில் கொட்டிலுக்குள் இருந்து மெஷின்களைக் கழுவித் திருத்துகிறேன். ஒரு சின்ன உழவு இயந்திரத்தை நினையுங்கள். அதன் வயிற்றுக்கடியில் பெரிய தாச்சிச் சட்டி ஒன்றைக் கவிழ்த்துக் கட்டியிருக்கிறது. தாச்சிக்குள் இரண்டு கத்தி, மின்விசிறி போலச் சுற்றும். மேலே இருப்பவருக்குக் கத்தி தெரியாது. ஆபத்தும் அதிலேதான் இருக்கிறது.

என்னோடு வேலை செய்கிற போர்த்துக்கல்காரர் மனுவேல், போன புரட்டாதியில் ஈரச் சரிவில் மெஷினைக் குறுக்காக ஓட்டினார். மெஷின் பிரண்டது. சப்பாத்து முனையோடு மூன்று கால்விரல்கள் போய்விட்டன. நான்தான் புல்லுக்குள் தேடிப் பொறுக்கி ஐஸ் பெட்டியில் போட்டுக் கொடுத்தேன். இரண்டுதான் கிடைத்தது.

சம்மாட்டி மிச்சத்தையும் சிரிக்கட்டும். தங்கச்சி புஷ்பவதியின் முழங்கால் நோ எப்படி? எல்லோரும் சுகமாக இருக்க ஆண்டவனை வேண்டுகிறேன்.

உங்கள் மைத்துனர்,
இராசதுரை

---

உட்துறைமுக வீதி
திருகோணமலை
18.02.1996

மதிப்புக்குரிய மச்சானுக்கு,

இங்கே எல்லோரும் இருக்கிறோம். உங்கள் சுகத்துக்கும் மகள் பிள்ளைகளின் சுகத்துக்கும் புஷ்பவதி கோணேசருக்கு அர்ச்சனை செய்தாள்.

இந்தக் கடிதத்தை இராணுவ முகாம் வாசலில் இருப்பவர் வாசித்துப் பார்த்த பிறகுதான் தபாலுக்கு விடுவார். அவர் தமிழ் நன்றாக வாசிப்பார். ஆகையால் எழுத்துப் பிழை இல்லாமல் எழுதப் பார்க்கிறேன். அவருக்கும் என் வணக்கம்.

நீங்கள் மெஷினைப் பற்றி எழுதியதை வாசிக்க எனக்கே சிரிப்பு வந்தது. நான் காவல் இருக்கும் இந்த விடுதியிலும் அப்படி ஒன்று கிடக்கிறது. வெள்ளைக்காரர் வந்து தங்கிய காலத்தில் வாங்கியது. தொண்ணூறில் விடுதியைப் பூட்டிய நாளிலிருந்து சாக்குக்கடியில் கிடந்தது. விடுதியின் ஒரு பாதியில் முகாம் வந்துவிட்டது உங்களுக்குத் தெரியும். தை கடைசியில் துறைமுகத் தண்ணீரால் ஆட்கள் ஏறி வந்து மேட்டுச் சரிவில் சண்டை நடந்தது. விடிய எங்கள் ஒழுங்கை ஆம்பிளைகளை வீதியில் முழங்காலில் வைத்து விசாரித்தார்கள். எனக்கு ஒன்றுமில்லை. இடது காது கொஞ்சம் மந்தம். குளிக்கும்போது தண்ணீர் போயிருக்கும்.

முகாமுக்குப் புதிதாக வந்த பெரிய மாத்தையா, உயர்ந்த புல்லுத்தான் வந்தவர்களுக்கு மறைப்பு என்று சொல்லி, மெஷினைக் கிளப்பச் சொன்னார். உள்ளே எலிக்கூடு. ஜீப் பற்றரியைக் கொழுவிக் கிளப்பினேன். நல்ல சத்தம். முன்வளவு முழுவதும் வெட்டிவிட்டேன், மச்சான்! நீங்கள் மட்டும்தானோ சவாரி போவீர்கள்?

இரண்டு விசயம் கேட்கவேண்டும். கத்தி மழுங்கல், புல்லைக் கடிக்கிறது. மற்றது, நான் இருக்கையை விட்டு எழும்பினால் எஞ்சின் தானாக நிற்கிறது. இது பழுதோ?

அன்புடன்,
யோகலிங்கம்

---

ரொறன்ரோ
10.03.1996

அன்புள்ள மச்சானுக்கு,

உங்கள் கடிதம் கண்டு கொட்டிலில் எல்லோருக்கும் சொன்னேன். துறைமுகத்தடியில் எனக்கு ஒரு சகபாடி! மனுவேல் உங்களுக்கு வணக்கம் சொல்லச் சொன்னார். காதை ஒரு டொக்டரிடம் காட்டுங்கள். தண்ணீர் என்றால் இதற்குள் வற்றியிருக்கும்.

கத்தியைத் தொட முன்னர் எஞ்சினை நிறுத்தி, திறப்பை எடுத்து, பிளக்கில் இருந்து கம்பியைக் கழற்றி எட்ட மடக்கி விடவேண்டும். நிறுத்தின மெஷின் செத்த பாம்பு அல்ல. கத்தியைக் கையால் திருப்ப, எஞ்சின் ஒருமுறை இருமும், அந்த ஒரு இருமல் போதும் நாலு விரலுக்கு. பிறகு கழற்றித் தீட்டுங்கள். தீட்டிய கத்தியை நடுத்துளையால் ஒரு ஆணியில் கொழுவிப் பாருங்கள். தராசுபோல் நேராக நிற்கவேண்டும். ஒரு பக்கம் தாழ்ந்தால் அந்தப் பக்கத்தை இன்னும் தேயுங்கள்.

எஞ்சின் நிற்பது பழுதல்ல. இருக்கைக்குக் கீழே ஒரு சுவிச் இருக்கிறது. ஆள் விழுந்தால் கத்தி அவரைத் தேடி வராமல் இருக்கத்தான் அது. அதை நல்லாக வைத்திருங்கள்.

எல்லாவற்றிலும் பெரிய விதி இது. வெட்டப்போகும் நிலத்தை முதலில் காலால் நடந்து பாருங்கள், மூலை முடுக்கெல்லாம். கம்பித் துண்டு, கல், போத்தல் எல்லாம் பொறுக்குங்கள். சென்ற வருசம் இங்கே ஒரு கோல்ஃப் பந்து கத்தியில் பட்டுப் பறந்து, வேலிக்கு அப்பால் நின்ற பெண்ணின் கண்ணை எடுத்தது. நடந்து பார்க்காத நிலத்தில் மெஷினை விடாதீர்கள்.

புஷ்பவதிக்கு என் அன்பு. மழை முடிந்துவிட்டதா?

இராசதுரை

---

உட்துறைமுக வீதி
திருகோணமலை
02.04.1996

மதிப்புக்குரிய மச்சானுக்கு,

சுகம். நீங்களும் சுகமென்று நம்புகிறேன்.

கத்தியை நீங்கள் சொன்னபடி ஆணியில் கொழுவித் தீட்டினேன். சவரம் எடுக்கலாம். ஆனால் கத்தியைச் சுற்றும் பெல்ட் அறுந்துவிட்டது. புதியது கொழும்பில் இருந்து கப்பலில் வருமாம். வந்தவுடன் முகாம் வேலிக்கு வெளியே, தண்ணீர் மட்டும் இறங்கும் சரிவையும் வெட்டவேண்டும். பெரிய மாத்தையா நெருக்குகிறார். நெருப்பு வைக்கலாம் என்றால் பெற்றோல் களஞ்சியம் பக்கத்தில், விடமாட்டார்கள்.

நீங்கள் எழுதியபடி அந்தச் சரிவை நடந்து பார்க்க இங்கே ஏலாது.

ஆகையால் ஒன்று கேட்கிறேன். இருக்கைச் சுவிச்சை இல்லாமல் செய்து, மெஷினை ஆளில்லாமல் தனியே ஓட விடலாமோ? நான் அதன் கம்பியைக் கழற்றிப் பார்த்தேன், எஞ்சின் கிளம்பவே மறுக்கிறது. எப்படிச் செய்வது என்று விபரமாக எழுதுங்கள். எனக்கு முதுகு நோ. அதுதான் கேட்கிறேன். கெதியாகப் பதில் போடுங்கள். உங்கள் பதில் வரும்வரை இனி அதில் கை வைக்கமாட்டேன்.

பக்கத்து வளவுக் கனகம்மாவின் பசு செத்துப்போய்விட்டது. ஆனந்தராசாவும் மோசம் போய்விட்டார். உங்களிடம் படித்தவர். புஷ்பவதி செத்தவீட்டில் நிற்கிறாள், அதனால் அவள் எழுதவில்லை.

அன்புடன்,
யோகலிங்கம்

---

ரொறன்ரோ
21.04.1996

அன்புள்ள மச்சானுக்கு,

புதுவருச வாழ்த்துகள். ஆனந்தராசாவின் சாவு கேட்டுத் துடித்துப் போனேன். பின்வாங்கில் இருந்து எல்லாவற்றுக்கும் முந்திக் கையுயர்த்துகிற பிள்ளை. நெஞ்சு வருத்தமோ? நீங்கள் காரணம் எழுதவில்லை.

இனி உங்கள் கேள்வி. கோபிக்காதீர்கள், மச்சான். ஏலாது. ஏலாது என்றால் ஏலாதுதான்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். நான் சேர முன்னர் இங்கே ஒருவர், இறங்கி ஏறுவது கரைச்சல் என்று அந்தச் சுவிச்சை ஏமாற்றி வைத்திருந்தார். ஒருநாள் இறங்கிக் கொப்பு ஒன்றை இழுத்திருக்கிறார். கியர் விழுந்து மெஷின் பின்னால் வந்து அவரை மரத்தோடு சேர்த்து அமத்தி, இரண்டு கெண்டைக்காலையும் தாச்சிக்குள் இழுத்துவிட்டது. சத்தம் கேட்டு ஓடியவர்கள் முதலில் கண்டது, பச்சைப் புல்லில் சிவப்பாக விசிறி விட்டது போல ஒரு கீற்று. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் முடிந்துவிட்டார். அந்த இடத்தை எனக்குக் காட்டியிருக்கிறார்கள்.

ஆளில்லாத மெஷின் கண்ணில்லாத மாடு. முதுகு நோவென்றால் இருக்கையில் தலையணை போடுங்கள். நடந்து பார்க்க ஏலாது என்பதையும் நான் ஏற்கமாட்டேன். சரிவென்றால் காலையில் வெயிலுக்கு முன் ஆறுதலாக நடக்கலாம். குறுக்காக ஓட்டாமல் மேலிருந்து கீழாக ஓட்டுங்கள். சுவிச்சைத் தொடுவதில்லை என்று எனக்கு எழுதுங்கள்.

உங்கள் நன்மை நாடும்,
இராசதுரை

---

கந்தளாய்
18.04.1996

அன்புள்ள அண்ணாவுக்குத் தங்கச்சி புஷ்பவதி எழுதுவது,

உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் சுகம் கிடைக்கட்டும். இந்தக் கடிதம் நான் கந்தளாயில் இருந்து எழுதுகிறேன். ஸைனுலாப்தீன் நானாவின் மரக்கறி லொறியில், ஆஸ்பத்திரிக்கு எண்டு பாஸ் எடுத்து வந்தனான். அவருடைய கடைக்குள் இருந்துதான் எழுதுகிறேன். இதை முகாமில் ஒருவரும் வாசிக்கமாட்டார்கள்.

அண்ணா, அவருடைய காதில் தண்ணி போகேல்லை. வீதியில் முழங்காலில் இருக்கேக்க துவக்குப் பிடியால அடிச்சது. ரத்தம் தோள்வரைக்கும் வந்தது. அவருக்கு முதுகு நோவும் இல்லை.

அந்தச் சரிவு முழுக்கக் கண்ணிவெடி. ஆறு வருசமாக இவர்கள் புதைத்தது, அவர்கள் புதைத்தது. எது எங்கை எண்டு ஒருவருக்கும் தெரியாது, மழையில் எல்லாம் இடம்மாறிப் போச்சாம். கனகம்மாவின் பசு வேலி பிரிந்த இடத்தால் போனது. அதின்ர தலை கம்பியில் கொழுவி நாள்கணக்காகத் தொங்கியது, எடுக்கப் போக ஏலாது. கன்று வேலிக்கு இஞ்சாலை நின்று கத்தினபடி.

பிறகு ஆனந்தராசாவைப் பிடித்து ஒரு தடியைக் கொடுத்து, தட்டித் தட்டி நடந்து வழி காட்டு எண்டார்கள். அவன் திரும்பிப் பார்த்து, “மாத்தையா, நான் பால் கறக்கிறவன், எனக்கு இது தெரியாது” எண்டான். போ எண்டார்கள். போனான். உரச்சாக்கில் கட்டித்தான் வீட்டை கொண்டுவந்து தந்தவை. “இது அவர்தான் எண்டு எதைப் பாத்துச் சொல்லுறது?” எண்டு அவன்ர மனிசி குணேஸ்வரி கேட்டாள். அவளுக்கு நான் என்னத்தைச் சொல்ல?

அதுக்குப் பிறகுதான் மாத்தையா இவரிடம், “உன்ர மெஷினுக்குக் கீழ இரும்பு இருக்குத்தானே, அதில இருந்து வெட்டு” எண்டவர். மறுத்தால் சம்மாட்டியின் வலைகாரர் எல்லாரையும் ஆளுக்கொரு கத்தி கொடுத்து வரிசையாக இறக்குவாராம். மெஷினைப் பழுதாக்கினாலும் அதுதான். அதனால் அந்த மெஷின் உயிரோட இருக்கவும் வேணும், அதில் இவர் இருக்கவும் கூடாது. அதுக்குத்தான் உங்களிடம் கேட்டவர். வாசலில் வாசிப்பார்கள் எண்டு காரணம் எழுதேல்லை.

அண்ணா, நீங்கள் சொன்னால் அவருக்கு அது சொன்னதுதான். சம்மாட்டி சொன்னாலும் கேக்கமாட்டார், நான் சொன்னாலும் கேக்கமாட்டார். “மச்சானுக்குத்தான் மெஷின் தெரியும்” எண்டு நாளும் தபால்காரனைப் பார்த்தபடி இருக்கிறார். அந்தச் சுவிச்சை என்ன செய்யிறதெண்டு எழுதுங்கோ. நானாவின் கடை விலாசத்துக்குப் போடுங்கோ. அவருடைய மகள் ஸல்ஹா எனக்குத் தேத்தண்ணி தந்துவிட்டு, லொறி வெளிக்கிடுது எண்டு நிக்கிறாள்.

தங்கச்சி,
புஷ்பா

---

ரொறன்ரோ
06.05.1996

அன்புள்ள தங்கச்சி புஷ்பாவுக்கு,

உன் கடிதம் நேற்றுப் பின்னேரம் கிடைத்தது. நான் மச்சானுக்கு மறுப்பு எழுதிப் போட்டு இரண்டு கிழமை கடந்துவிட்டது. அது வந்தால் கிழித்து எறி. தொலைபேசி எடுக்கப் பார்த்தேன், ஊருக்கு வயர் அறுந்து கிடக்கிறதாம். இந்தக் கடிதம்தான் ஓடவேண்டும்.

நேரே சொல்கிறேன். நிலத்தை நடந்து பார்க்கச் சொன்னேனே, ஒருவரும் அதில் கால் வைக்கக்கூடாது. இருக்கையில் ஒருவரும் இருக்கக்கூடாது.

சுவிச்சின் கம்பியைக் கழற்றினால் எஞ்சின் கிளம்பாது. அதில் வரும் இரண்டு கம்பியின் தலைப்பையும் உரித்து, ஒன்றோடொன்று முறுக்கிக் கட்டவேண்டும். அப்போது மெஷின், மேலே ஆள் இருக்கிறார் என்று நம்பும். வாசல் படலையைத் திறந்து கல் வைத்து விடுவதுபோல என்று நினை. ஆகக் குறைந்த கியர். ஸ்ரேறிங்கைக் கயிற்றால் இறுக்கிக் கட்டினால் முதல் பள்ளத்திலேயே அறும். பழைய ரயர் ரியூப்பை நாடாவாக வெட்டி இரண்டு பக்கமும் இழுத்துக் கட்டு. ரப்பர் இழுபட்டு மீண்டும் நடுவுக்கு வரும். பிளக் கம்பியில் நீளமான ஒரு நூல் கட்டிப் பிடித்திருங்கள். நூலைச் சுண்டினால் கம்பி கழன்று எஞ்சின் நிற்கும்.

மெஷினை விட்டவுடன் எல்லோரும் விடுதியின் வற்றிப்போன நீச்சல் குளத்துக்குள் இறங்கிப் படுங்கள். தாச்சியில் புல்லைத் துப்பும் வாய் இருக்கும் பக்கம் ஒருவரும் நிற்கக்கூடாது. வெடித்தால் கத்தி கழன்று அந்தப் பக்கத்தால்தான் வரும்.

மச்சானுக்கு வாசித்துக் காட்டு. இராசதுரை மாஸ்டர்தான் எழுதினவர் என்று என் கையெழுத்தையும் காட்டு.

அண்ணா

---

உட்துறைமுக வீதி
திருகோணமலை
13.05.1996

மதிப்புக்குரிய மச்சானுக்கு,

நீங்கள் சித்திரை கடைசியில் போட்ட கடிதம் இன்று கிடைத்தது. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், குளிரில் தொப்பி இல்லாமல் திரியவேண்டாம்.

நீங்கள் எழுதியது சரி. சுவிச்சைத் தொடமாட்டேன். புஷ்பவதியும் சம்மாட்டியும் எப்படியாவது செய்து பார் என்றுதான் நிற்கிறார்கள். மச்சான் ஏலாது என்றால் அதற்குள் ஏதோ இருக்கும் என்று நான் சொல்லிவிட்டேன். அந்த மனிதனின் கால்களைப் பற்றி எழுதியதை அவர்களுக்கு வாசித்துக் காட்டினேன்.

பெல்ட் வந்துவிட்டது. நானே பூட்டினேன். வியாழக்கிழமை சரிவை வெட்டுகிறேன். கால் வைக்கும் தட்டில் மண் மூட்டை போட்டிருக்கிறேன். குசினியில் கிடந்த பெரிய தோசைக்கல்லை இருக்கைக்குக் கீழே கம்பியால் கட்டியிருக்கிறேன். முதுகுக்குத் தலையணை வேண்டியதில்லை. நீங்கள் சொன்னபடி மேலிருந்து கீழாகத்தான் ஓட்டுவேன். குறுக்காக ஓட்டமாட்டேன்.

மெஷின் நல்லாக இருக்கிறது, மச்சான். எண்ணெய் மாற்றினேன். வாசலில் இருப்பவர் கூட, நேற்றுச் சத்தத்தைக் கேட்டுவிட்டு, புதுசு மாதிரி என்றார்.

நீங்கள் எங்களுக்குச் செய்த எல்லாவற்றுக்கும் நன்றி.

அன்புடன்,
யோகலிங்கம்

---

ரொறன்ரோ
09.06.1996

அன்புள்ள மச்சானுக்கும் தங்கச்சிக்கும்,

எல்லோரும் சுகமா? மச்சான் வைகாசியில் எழுதிய கடிதம் முந்தநாள் வந்தது. அதற்குப் பிறகு ஒரு வரியும் இல்லை. கந்தளாய்க்கு நான் போட்ட கடிதம் கிடைத்ததா?

இங்கே வேலை தொடங்கிவிட்டது. கடிதம் வந்த மறுநாள் நான் பராக்காக ஓட்டி, தாரா போன்ற ஒரு பெரிய காட்டுப் பறவையின் கூட்டின் மேல் மெஷினை விட்டுவிட்டேன். அது கூட்டை விட்டு எழும்பவில்லை. சிறகும் முட்டையும் இரத்தமுமாக என் காற்சட்டை வரைக்கும் அடித்தது. எஞ்சினை நிறுத்திவிட்டு அதன் பக்கத்தில் இருந்துவிட்டேன். மனுவேல் வந்து என்னைத் தூக்கிக்கொண்டு போனார். இப்போது என்னைக் கொட்டில் வேலைக்கு மட்டும் விட்டிருக்கிறார்கள்.

ஒரு சொல் எழுதுங்கள். நல்லதோ கெட்டதோ.

இராசதுரை

---

கந்தளாய்
30.06.1996

அண்ணாவுக்கு,

அவர் இருக்கிறார். முதலில் அதை எழுதிவிட்டேன். இனி ஆறுதலாக வாசியுங்கோ.

வியாழக்கிழமை காலமை அவர் சாமி கும்பிட்டு, மெஷினில் ஏறினவர். எங்களை வேலிக்கு இஞ்சாலை நிக்க வைத்தார்கள். கொஞ்ச நேரம் ஒண்டும் இல்லை. மேலிருந்து கீழ் போய், திரும்பி ஏறி, வெட்டின இடம் பாய் விரிச்சது மாதிரிக் கிடந்தது. அவர் எங்களைப் பார்த்துக் கை காட்டினவர். அடுத்த முறை இறங்கேக்க முன்சில்லு ஏறினது.

சத்தம் எனக்குக் கேக்கேல்லை, அண்ணா. மெஷின் முன்னங்காலை உயர்த்தின மாடு மாதிரி எழும்பினதைத்தான் கண்டனான். மண் மூட்டை கிழிஞ்சு மண் மழை. அவர் வெட்டின பக்கமாகப் பின்னால விழுந்தவர். ஆள் எழும்பினால் எஞ்சின் நிக்கும் எண்டு நீங்கள் எழுதினது உண்மை, கத்தி நிண்டிட்டுது. ஆனால் இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. அவரே காற்சட்டைப் பட்டியைக் கழட்டித் தொடையில கட்டி, வெட்டின வழியால முழங்கையை ஊண்டி ஊண்டி வந்தவர். ஒருத்தரும் உள்ளுக்குப் போக ஏலாது. வந்து சேருமட்டும் நாங்கள் நிண்டு பார்த்தம். வேலியடிக்கு வந்து, “புஷ்பா, கிட்ட வராதை” எண்டவர். அப்பவும் அதைத்தான் சொன்னவர்.

உங்கள் கடிதம் அதுக்குப் பிறகுதான் வந்தது. வீதித் தடையில் நானாவின் லொறி நாள்கணக்காக நிண்டதாம்.

மாத்தையா விடேல்லை. எஞ்சின் நல்லாத்தானே இருக்கு, சில்லைப் பூட்டி அடுத்த ஆளை ஏத்து எண்டார். அடுத்த ஆள் சம்மாட்டியின் வலைகாரன் குலசிங்கம். நாங்கள் வெட்டின வழியால கொழுவி இழுத்து மெஷினை மேலே எடுத்து, கல்லுச் சுமக்கிற தள்ளுவண்டிச் சில்லைப் பூட்டினம். நான்தான் உங்கள் கடிதத்தை வாசிச்சு அந்த இரண்டு கம்பியையும் முறுக்கினனான்.

சம்மாட்டி தன்ர கரைவலைக் கயிற்றைக் கொண்டு வந்தார். ஒரு வருசமாகக் கடல் காணாத கயிறு. மெஷினின் பின்பக்கம் கட்டி, அது தானாகச் சரிவில் இறங்க இறங்கக் கயிற்றை விட்டார்கள். கரையில் வலை விடுகிற மாதிரித்தான். தண்ணீர் விளிம்புக்குப் போனதும் நூலைச் சுண்டி நிப்பாட்டி, எல்லோரும் சேர்ந்து இழுத்தார்கள். ஆட்கள் நீங்கள் எழுதின நீச்சல் குளத்துக்குள் படுத்தபடிதான். படுத்துக்கொண்டே இழுக்கேக்க கயிறு ஒருசேர வரவில்லை. உடனே சம்மாட்டி வலை இழுக்கிற அம்பாப் பாட்டைத் தொடங்கினார், “ஏலேலோ ஏலோ” எண்டு. மாத்தையாவின் ஆட்கள் சிரிச்சுப்போட்டு, பிறகு தாங்களும் ஒரு பக்கம் பிடிச்சாங்கள். “சம்மாட்டி, மீன் என்ன மாதிரி?” எண்டு குலசிங்கம் கேட்டான். “வாயை மூடி இழுடா, நீ போட்டிருக்க வேண்டிய வலை இது” எண்டார் அவர்.

ஒவ்வொரு வெடிக்கும் கயிறு எங்கள் கையில் துள்ளும். கடைசியில் சில்லெல்லாம் போய், வள்ளம் மாதிரி வயித்தாலதான் இழுபட்டது. ஒருநாள் கயிறு அறுந்து அது துறைமுகத் தண்ணிக்குள் போய்விட்டது. அதோட வேலை முடிஞ்சுது எண்டு மாத்தையா சொன்னார். ஒரு ஆளும் அந்தச் சரிவில் இறங்கேல்லை.

அவர் ஆஸ்பத்திரியில் இருந்து வந்து ஒரு கிழமை. சுவரைப் பார்த்தபடி கிடக்கிறார். எழுப்பினால் எழும்பமாட்டார், “நான் இனி எதுக்கு” எண்டு மட்டும் சொல்லுவார். உங்களில் கோபமில்லை எண்டு எழுதச் சொன்னார். அது அவர் சொன்னது. நான் அதை எழுதமாட்டன், அண்ணா. எனக்குக் கோபம். நீங்கள் ஏன் எண்டு ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். “ஏன் மச்சான் ஆளில்லாமல் விடப் பாக்கிறீங்கள்?” எண்டு ஒரு வரி.

சுகமாக இருங்கோ.

புஷ்பா

---

ரொறன்ரோ
21.07.1996

அன்புள்ள தங்கச்சிக்கும், மச்சானுக்கும்,

மச்சான் உயிரோடு இருக்கிறார் என்ற வரியை எழுத்துக்கூட்டி வாசித்தேன். உன் கோபத்தையும் வாசித்தேன், புஷ்பா. அது சரியான கோபம். அதைக் குறைக்கும்படி நான் உன்னிடம் கேட்கமாட்டேன்.

முந்தி வகுப்பில் ஒரு பிள்ளை கேள்வி கேட்டால், பதில் சொல்ல முன்னர், “ஏனப்பா கேக்கிறாய்?” என்று கேட்பேன். பாதிப் பிள்ளைகளுக்குப் பதில் அதிலேயே வந்துவிடும். என் வீட்டு ஆட்களிடம் அதைக் கேட்கவில்லை.

இனி மச்சானுக்கு. நான் கொட்டில் வேலையையும் விட்டுவிட்டேன். இங்கே ஆஸ்பத்திரி ஒன்றில் கால் இழந்தவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் ஒரு பெண் இருக்கிறார். முன் அறிவித்தல் இல்லாமல் போனேன். என்னை இரண்டு மணித்தியாலம் வெளியில் இருத்தி வைத்துவிட்டு, பிறகு கூப்பிட்டு, “ஏன் கேட்கிறீர்கள்?” என்றார். எல்லாம் சொன்னேன். அவர் குறித்துக்கொடுத்ததில் ஒன்றை மட்டும் எழுதுகிறேன், மச்சான். மற்றவை இருக்கட்டும். முதலில் இதை எழுதக் காரணமும் சொல்கிறேன்: படுத்தே கிடந்தால் அந்த முழங்கால் மடங்கிய நிலையிலேயே இறுகிவிடுமாம். பிறகு எந்தச் செயற்கைக் காலும் அதில் பொருந்தாது. அதற்கு இன்னும் இரண்டு, மூன்று மாதம்தான் இருக்கிறது. நீங்கள் நடப்பதும் நடக்காததும் இப்போதுதான் தீர்மானமாகும். இது உங்களுக்கு எந்த விதத்திலாவது ஏலாது என்றால், ஏன் என்று ஒரு வரி எழுதுங்கள். நான் காத்திருப்பேன்.

கட்டிலை ஜன்னலோடு ஒட்டி இழுத்துப் போடச் சொல்லுங்கள். நாளைக் காலை வலது பாதத்தை நிலத்தில் முழுதாக வைத்து, இரண்டு கையாலும் ஜன்னல் கம்பியைப் பிடித்து எழும்பி, இடது முழங்காலை நேராக நீட்டி, ஒரு மூச்சு இழுத்து விடும்வரை நின்றுவிட்டு, திரும்பவும் இருங்கள்.